பூங்கோதைக்காக மாணிக்கம்மாள் ஆடிய இருபத்தொன்பது நாட்கள்

2023 ஜூலை 10, திங்கள்: டேப்லெட் 4. பள்ளிப் பிள்ளைகள் 23.
2023 டிசம்பர் 11, திங்கள்: பிள்ளைகள் 22.
2023 டிசம்பர் 13, புதன்: மணி நேரத்துக்கு 3 சொல்.
2024 மார்ச் 11, திங்கள்: நிமிடத்துக்கு 22 சொல். ஆடிய நாள் மொத்தம் 29.
2024 மார்ச் 12, செவ்வாய்: கடிதம் 1.
2024 மார்ச் 18, திங்கள்: டேப்லெட் 0.

இந்த எண்களில் பாதிக்கு மேல் மாணிக்கம்மாளைப் பற்றியவை. ஆனால் ஒன்றுகூட அவர் பெயரில் பதிவாகவில்லை. பிறகு வந்த சங்கடம் முழுவதும் அதனால்தான் வந்தது.

ஒடுகத்தூரில் பஸ் ஏறினால் ஒன்றே கால் மணி நேரம் மலையை வளைந்து வளைந்து ஏறி புளியங்கொல்லைமேட்டில் இறங்கலாம். முப்பத்தாறு வீடுகள், ஒரு தொடக்கப்பள்ளி. அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் மாணிக்கம்மாள் 2009 ஜூன் மாதத்திலிருந்து சமைக்கிறார். வயது நாற்பத்து நான்கு. பிறந்தது மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மேட்டில். இரண்டாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது தம்பி பிறந்தான். அம்மா சாமைக் கொல்லைக்குப் போனால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவார். அதையும் எழுத்தாக எழுத மாட்டார். கோலம் போடுவதுபோல ஒரே இழுப்பில் வரைந்து, கடைசியில் ஒரு புள்ளி வைப்பார். பஸ்ஸை நிறத்தாலும், மாத்திரையை அட்டையின் பளபளப்பாலும் அடையாளம் கண்டு வந்தவர். பதினான்கு வருடத்தில் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு வேண்டிய அரிசியை ஒரு பிடி கூடவோ குறையவோ விடாமல் போட்டவருக்கு, அரிசி மூட்டையின்மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று தெரியாது.

டேப்லெட்டுகளைத் தந்தது திருப்பத்தூரில் உள்ள ஓர் அறக்கட்டளை. அவற்றில் ஒரே ஒரு விளையாட்டு. நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு கதவுகளைத் திறந்துகொண்டு மலை உச்சிக்குப் போக வேண்டும். ஒருவருக்கு அணில், ஒருவருக்கு மைனா, மற்ற இருவருக்குக் கீரியும் ஆமையும். ஒரு கதவுக்கு வேண்டிய விஷயம் நான்கு திரைகளிலும் துண்டு துண்டாக இருக்கும். ஒருவர் திரையில் சொல், இன்னொருவர் திரையில் படங்கள், மூன்றாமவர் திரையில் ஒரு கணக்கு, நான்காமவர் கையில் சாவி. வாயால் சொல்லி, காதால் கேட்டு, கூட்டிக் கழித்து, நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரையைத் தொட்டால் கதவு கிரீச்சென்று திறக்கும். ஒருவர் தவறினால் நால்வரும் பின்னால் போக வேண்டியதுதான். அதில் தனியாக ஜெயிக்க வழியே கிடையாது. யார் எவ்வளவு வேகமாகப் படித்தார்கள் என்பது மட்டும் டேப்லெட்டுகளோடு தந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் பதிவாகும். ஆசிரியை ஜெயசுதா சனிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியை ஒடுகத்தூருக்கு எடுத்துப்போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்துப் பதிவை அனுப்பிவிடுவார்.

ஐந்தாம் வகுப்பில் சரியாக நான்கு பேர். பாலமுருகன் அணில், பூங்கோதை மைனா, தேவயானி கீரி, கோகுலகிருஷ்ணன் ஆமை. திங்கள், புதன், வெள்ளி, மதியம் இரண்டேகாலிலிருந்து மூன்று மணி வரை அவர்கள் ஆட்டம். அந்த நேரத்தில் ஜெயசுதா அடுத்த அறையில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துவார்.

டிசம்பர் 11ஆம் தேதி பூங்கோதையின் அப்பாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். சாமை அறுப்பு முடிந்தால் மலையில் பல குடும்பங்கள் அப்படிப் போவது உண்டு. மிளகு பறித்து முடித்துத்தான் திரும்புவார்கள். புதன்கிழமை மூன்று பிள்ளைகளும் நான்காவது டேப்லெட்டை நடுவில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம் கழுவி முடித்த மாணிக்கம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னா, நாடகம் ஒன்னியும் இல்லியா இன்னிக்கி?"

"மைனா இல்ல ஆயா. நாலு பேரு இல்லாட்டி கதவு தொறக்காது," என்றாள் தேவயானி.

"ஆயா, நீ குந்து. சும்மா தொட்டாப் போதும்," என்றான் பாலமுருகன்.

மாணிக்கம்மாள் உட்கார்ந்தார். திரையில் ஐந்து முகங்கள் வந்தன. நான்கு பிள்ளைகளின் போட்டோ. ஐந்தாவதாகக் கண், மூக்கு இல்லாத ஒரு சாம்பல் உருவம்.

"இவன் யாரு, பூசணிக்காய்க்குச் சட்ட மாட்டினாப்போல?"

"அது விருந்தாளி ஆயா. வெளியாளு யாராச்சும் வந்தா அத்தத் தொடணும்."

"விருந்தாளியா? அவன் குந்தித் துன்னுட்டுப் போவான். வேலயா செய்வான்? நம்ம புள்ள நிரை அப்டியே நின்னு பூடும்."

சொல்லிவிட்டு அவர் பூங்கோதையின் முகத்தைத் தொட்டார். பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை.

ஏன் படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மேட்டில் களை எடுப்பதும் அறுப்பதும் ஊர் கூடிச் செய்யும் வேலை. கொல்லையில் வீட்டுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை. ஒரு வீட்டில் காய்ச்சலென்றோ சாவென்றோ ஆள் வர முடியாவிட்டால் இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் வந்து அந்த நிரையைப் பிடிப்பார். அதற்கு மாத்தாள் நிற்பது என்று பெயர். ஊர்ப் பெரியவர் வரப்பில் நின்று பெயர் கூப்பிடும்போது மாத்தாளாக வந்தவர் தன் பெயருக்குக் குரல் கொடுக்க மாட்டார். வராத வீட்டின் பெயர் சொன்னால்தான் "கீறேன்" என்பார். தன் பெயரைச் சொன்னால் செய்த உதவியை விளம்பரம் செய்ததாக ஆகும்; வராத வீட்டுக்கும் அது தலைகுனிவு. முப்பத்தாறு வீட்டில் மாத்தாள் நிற்காத வீடு கிடையாது. அதைப் பொய் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. அன்றைய முதல் கதவுக்குரிய சொல் மாணிக்கம்மாளின் திரையில் வந்தது. அவர் அதைப் படித்துச் சொன்னால்தான் மற்றவர்கள் தங்கள் படங்களில் தேட முடியும்.

"படி ஆயா."

"கண்ணாடி எடுத்தாரல கண்ணு."

தேவயானி எழுந்து ஓடி, ஜெயசுதா டீச்சரின் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். அதைப் போட்டுக்கொண்டு மாணிக்கம்மாள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குப் படிக்க வராது."

மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பரிதாபமோ சிரிப்போ இல்லை. தேவயானிக்கு வேறு கவலை.

"அப்போ கதவ எப்டித் தொறக்கறது?"

திரையைத் திருப்பிக் காட்டிவிடலாம். ஆனால் அது அழுகுணி ஆட்டம் என்று அவர்கள் ஜூலையிலேயே முடிவு செய்திருந்தார்கள். பேசாத கோகுலகிருஷ்ணன்தான் வழி சொன்னான். "எழுத்து எப்டி கீதுன்னு மட்டும் சொல்லு ஆயா."

"மொத எழுத்து தண்ணி மொள்ற டப்பா மாதிரி கீது. மேல மூடி இல்ல."

"ப!" என்று மூவரும் கத்தினார்கள்.

"அடுத்தது சொவுரு மூல மாதிரி."

"ட!"

மூன்றாவது எழுத்துக்கு மாணிக்கம்மாள் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மாடு வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது என்றார். ஆட்டுக் கொம்பு என்று மாற்றிச் சொன்னார். பிள்ளைகள் தரையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் காட்டி, "இதா? இதா?" என்று கேட்டுக் கடைசியில் 'கு' என்று பிடித்தார்கள். படகு. பாலமுருகன் திரையில் படகுப் படம் இருந்தது. நால்வரும் தொட்டார்கள். ஒரு கதவுக்குப் பத்தொன்பது நிமிடம்.

கதவு கிரீச்சிட்டபோது மாணிக்கம்மாள் திடுக்கிட்டு டேப்லெட்டைக் கீழே போடப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் மதியம் அந்த மூவர் தட்டிலும் உடையாத, ஓட்டுத்துணுக்கு ஒட்டாத முட்டையாகப் பார்த்து வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர்களுக்கு உடைந்த முட்டை விழுந்ததில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் சொல்லிக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்; படித்தவர் மாணிக்கம்மாள். கற்றுக்கொடுக்கிறோம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும், அதற்கு ஆயா படிக்க வேண்டும், அவ்வளவுதான். கேலிக்குக் குறைவில்லை.

"ஆமயே தாண்டிப் போச்சு ஆயா, உன் மைனா இன்னும் எழுத்துக் கூட்டிக்கினு கீது."

"மைனா வயசான மைனாடா. ரெக்க வலிக்குது."

"ஏழாங் கதவுல கழித்தல் கணக்கு வரும். அப்போ இன்னா பண்ணுவே?"

"கணக்குல என்னாண்ட வாலாட்டாத. உனுக்கு முட்ட எண்ணிப் போட்டவ நான்."

அது உண்மை. கணக்குக் கதவுகளில் அவர்தான் முதலில் விடை சொன்னார். இருபத்து மூன்று பிள்ளைக்கு அளந்து போட்ட கைக்குக் கூட்டலும் கழித்தலும் மனதில் ஓடும். பாலமுருகன் விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவர் விடையைச் சொல்லிவிடுவார். எப்படி என்று அவன் கேட்டான். அரிசியும் பருப்பும் வைத்து அவர் சொன்ன விதம் அவனுக்குப் புரிந்தது. பூங்கோதையே இருந்திருந்தாலும் அந்த ஏழாவது கதவை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று ஜெயசுதா பின்னாளில் சொன்னார்.

விடுமுறைகளும், ஜனவரி 22, 24 தேதிகளில் சொந்தத்தில் ஒரு சாவும், பிப்ரவரி 16இல் ஒடுகத்தூர்ப் பயணமும் போக, மாணிக்கம்மாள் ஆடிய நாட்கள் இருபத்தொன்பது. அந்த ஒடுகத்தூர்ப் பயணம் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைப் பலகைகளுக்கு எதிரே நின்றுவிட்டார். ம, ரு, ந், து. 'மருந்து' என்று வந்தபோது பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது மருந்துக் கடை," என்றார். "ஆமா, அதுக்கின்னா?" என்றாள் அந்தப் பெண். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் அகப்படவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கடலை மிட்டாய் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசுமளவுக்கு மட்டும் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்று பாலமுருகன் தன் அப்பாவின் போனில் பூங்கோதையோடு பேசினான். அவள் கேட்ட முதல் கேள்வி, "என் மைனா எங்க கீது?"

"எட்டாங் கதவாண்ட. ஆயா மாத்தாள் நிக்குது."

"நல்லா ஆடுதா?"

"மொதல்ல மோசம். இப்போ பரவால்ல."

அந்தச் செய்தியை அவன் சொன்னபோது மாணிக்கம்மாளுக்கு மனம் நிறைந்தது. பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்தில் அவளுக்காக ஒரு இடம் காத்திருக்கும்.

மார்ச் 12 அன்று அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. எதையும் எழுத்தில் கேட்பது அவர்கள் வழக்கம். ஜெயசுதா அதைப் பிரித்து இரண்டு முறை படித்தார். கடிதத்தில் கோபம் இல்லை, கவலை இருந்தது. பூங்கோதை என்ற மாணவி நவம்பரில் நிமிடத்துக்கு 38 சொல் படித்தவள். டிசம்பர் 13 அன்று திடீரென்று மணி நேரத்துக்கு 3 சொல்லுக்கு இறங்கிவிட்டாள். பிறகு மெல்ல மெல்ல ஏறி வருகிறாள். குழந்தைக்குக் கண்ணில் கோளாறா, பெரிய காய்ச்சல் ஏதும் வந்ததா, வீட்டில் துக்கமா என்று கேட்டிருந்தார்கள். 18ஆம் தேதி தங்கள் ஊழியர் நேரில் வந்து குழந்தையைப் பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் டிசம்பர் 11 முதல் பூங்கோதைக்கு வராதவள் என்ற குறி. பெட்டியில் அதே பூங்கோதை வாரம் மூன்று நாள் ஆடியிருக்கிறாள். ஜெயசுதா கடிதத்தோடு சமையல் கூடத்துக்குப் போனார்.

"மாணிக்கம்மா, நீங்க விருந்தாளியத் தொட்டுத்தானே ஆடுனீங்க?"

"இல்லீங்க டீச்சர். புள்ள பேருலதான்."

"ஐயோ, இன்னாங்க இப்டிப் பண்ணிட்டீங்க! ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். ஒரு பிள்ள பேர்ல வேற ஆளு ஆடினதாத் தெரிஞ்சா நாலையும் எடுத்துக்கினு போய்டுவாங்க. ஏழாவது விதி."

மாணிக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. "என்னாலயா டீச்சர் எடுத்துக்கினு பூடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். ஜெயசுதாவுக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. "நான்தான் வந்து ஒரு நாள் பாத்திருக்கணும்," என்றார்.

வீட்டில் மாணிக்கம்மாளின் கணவர் சக்கரவர்த்தி புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியைக் கீழே வைத்தார்.

"நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? எத்தினி புள்ளைங்க கையி படற சாமான். எந்தப் புள்ள எத்தத் தொட்டுச்சோ, தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ. நாளக்கி உன் சமையல் வேலக்கி வெனயாப் போய்டப் போவுது."

"மாத்தாள் நின்னவ நிக்கலன்னு சொல்லலாமாய்யா?"

அவர் மறுபடி சுத்தியை எடுத்தார். போன ஐப்பசியில் இரண்டு வீட்டுக்கு மாத்தாள் நின்றவர் அவரும்தான்.

பிள்ளைகளுக்கும் ஒரு யோசனை இருந்தது. பூங்கோதை நடுவில் சில நாள் வந்து போனதாகச் சொல்லிவிடலாம் என்றான் பாலமுருகன். "நீ அந்தப் பொய்யச் சொன்னா, உன் தட்டுல ஓடு ஒட்டின ஒடஞ்ச முட்டதான்," என்றார் மாணிக்கம்மாள். ஆனால் சிரிக்கவில்லை.

18ஆம் தேதி பத்தே முக்கால் மணிக்கு அன்பரசி வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். திருப்பத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பியதாகச் சொன்னார். தோளில் மடிக்கணினிப் பை, இன்னொரு கையில் ஒரு ஆரஞ்சுப் பொட்டலம். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு என்று வாங்கி வந்தது. "பூங்கோதை எங்க?" என்று கேட்டார்.

ஜெயசுதா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாணிக்கம்மாள் சமையல் கூடத்திலிருந்து வந்து நின்றார். கையில் மாவு.

"அந்தப் புள்ள நல்லா கீதும்மா. குடகுல கீது. அந்த மூணு சொல்லு நானு."

அன்பரசிக்கு உடனே புரியவில்லை. ஜெயசுதா விளக்கினார். அன்பரசி மடிக்கணினியைத் திறந்து ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். உயரத்தில் ஓடிய கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது.

"இந்த ஏத்தம் முழுக்க நீங்களா?"

"மூணு புள்ளைங்களும் நானும்."

"விருந்தாளி முகம் இருந்துச்சே, அதத் தொட்டிருக்கலாமே?"

"விருந்தாளி பேருல ஆடினா அந்தப் புள்ள எடம் காலியா இல்ல கெடக்கும்? வேலைக்கு வராத வூட்டு நிரைய நாம புடிச்சா, அந்த வூட்டுப் பேரச் சொல்லித்தான் புடிக்கணும். எங்கூருல அப்டித்தான். தப்புன்னா என்னச் சொல்லுங்க. டீச்சருக்கும் தெரியாது, புள்ளைங்களும் ஒன்னியும் பண்ணல."

அன்பரசி நான்கு டேப்லெட்டையும் எடுத்து வரச் சொல்லி அவரையும் மூவரையும் ஆடச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பதாவது கதவு. மாணிக்கம்மாள் விரலை வரியின் அடியில் ஓட்டிப் படித்தார். இடையில் ஒரு சொல்லில் தடுக்கினார். தேவயானி உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். மறுபடி படித்துச் சரியாகச் சொன்னார். கதவு திறந்தது. அன்பரசி ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

"எனக்குச் சந்தோஷம்தாம்மா. ஆனா பதிவு தப்பா இருக்கும்போது கருவிய இங்க விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்ல. எடுத்துக்கினு போறேன். குழு கூடி முடிவு பண்ணி எழுதுவாங்க."

ஆரஞ்சைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, நான்கையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் பாலமுருகன் தட்டை நீட்டும்போது கேட்டான். "ஆயா, நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா வெச்சிட்டுப் போயிருப்பாங்க இல்ல?"

"போயிருப்பாங்க," என்றார் மாணிக்கம்மாள். சோறு போட்டார்.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை இரண்டேகால் மணிக்கு, ஜெயசுதா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று பிள்ளைகளும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சிலேட். ஒருவர் சிலேட்டில் சொல், ஒருவர் சிலேட்டில் படம், ஒருவர் சிலேட்டில் கணக்கு. சரியாக வந்தால் கோகுலகிருஷ்ணன் வாயால் கிரீச்சிட்டான். நான்காவது சிலேட் சும்மா கிடந்தது. மாணிக்கம்மாள் சமையல் கூடத்தை விட்டு வரவில்லை. தேவயானி போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா ஆயா. நாலு பேரு வேணும்."

"எம்மேல கோவம் இல்லியா உங்களுக்கு?"

"கீது. வந்து குந்து."

அந்த ஒரு சொல்லை மாணிக்கம்மாள் பின்பு பலரிடம் சொல்லியிருக்கிறார். கோபம் இருந்தும் கூப்பிட்டார்களே என்பார்.

மார்ச் 30, சனிக்கிழமை, பூங்கோதை திரும்பி வந்தாள். வெயிலில் கறுத்து, ஒரு விரல் உயரம் வளர்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் நேரே மாணிக்கம்மாள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"எனக்காவத்தானே ஆயா போச்சு?"

"உனக்காவ இல்ல. எனக்கு அந்தப் பூசணி மூஞ்சியப் புடிக்கல, அதனால போச்சு. உள்ள வா, கூழு குடி."

திங்கட்கிழமை சிலேட் ஆட்டத்துக்கு ஐந்து பேரானார்கள். மாணிக்கம்மாள் தன் சிலேட்டைப் பூங்கோதையிடம் கொடுத்துவிட்டு எழப் போனார். பூங்கோதை இன்னொரு சிலேட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஐந்து பேர் ஆடுவதற்கான விதியை யோசிப்பதில் அன்றைய முக்கால் மணி நேரமும் போயிற்று.

அந்த வாரமே ஒரு மதியம் பன்னிரண்டு இருபதுக்கு, பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் வந்தார். உறையைப் பார்த்ததும் மாணிக்கம்மாள் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். ஜெயசுதா நின்றபடியே கடிதத்தைப் பிரித்து, எல்லோரும் கேட்கப் படித்தார்.

இருபத்தொன்பது நாள் பதிவும் பூங்கோதையின் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. அவை திருமதி மாணிக்கம்மாள், சத்துணவு சமையலர் என்ற பெயரில் சேர்க்கப்பட்டன. டேப்லெட்டுகள் நான்கும் ஏப்ரல் 8ஆம் தேதி திரும்பி வரும். அவரது போட்டோவும் ஐந்தாவது முகமாக அவற்றில் இருக்கும். வேலைக்காகப் பெற்றோரோடு வெளியூர் போகும் பிள்ளைகள் மலையில் நிறையப் பேர் இருப்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று குழு எழுதியிருந்தது. இனி எந்தப் பள்ளியிலும் ஒருவர் இன்னொருவர் இடத்தில் ஆடலாம். ஆடுபவர் பெயரோடு 'யாருக்காக' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு பெயரையும் நிரப்ப வேண்டும். வராத பிள்ளையின் இடம் அப்படியே இருக்கும். அடியில் அன்பரசி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்தக் கட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி என்று.

கூடம் முழுக்க ஒரே கூச்சல். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலேயே கத்தினார்கள். மாணிக்கம்மாள் தூணில் சாய்ந்து நின்றார்.

"டீச்சர், எம் பேரு முழுசாப் போட்டுக்கீறாங்களா?"

"போட்டிருக்காங்க. நீங்களே பாருங்க."

கடிதத்தை வாங்கி, ஈரக் கை படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'திருமதி'யில் கொஞ்சம் நின்றார். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

"திருமதி ஆயா," என்று தட்டை நீட்டினான் பாலமுருகன், "இன்னொரு கரண்டி ஊத்து."

"ஊத்தறேன்டா, வாயி, வாயி," என்று அவன் தலையில் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஊற்றினார். பூங்கோதைக்கும் தேவயானிக்கும் கோகுலகிருஷ்ணனுக்கும் கேட்காமலேயே ஊற்றினார். ஜெயசுதா சுவரோரம் போய், பள்ளிக்கு வரும் எல்லாக் கடிதத்திலும் செய்வதுபோல, வலது மூலையில் வந்து சேர்ந்த தேதியை எழுதினார்: 2024 ஏப்ரல் 3, புதன்கிழமை.